டீயே என்றால் டீ இல்லை

எங்கள் ஊரில் கிரேக்கமும் லத்தீனும் படித்தவர் ஒருவர் உண்டு. திருத்தணி பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் கண்ணில் பட்டுவிட்டால் அந்த பஸ் உங்களுக்கு இல்லை. டீக்கடையில் "மாஸ்டர், இஞ்சி டீ ஒண்ணு" என்று சொல்லி வாயை மூடியிருக்க மாட்டீர்கள், தோளில் ஒரு கை விழும். "இஞ்சின்னீங்களே, கிரேக்கத்துல அது ஸிங்கிபெரிஸ். கடைசியில வர்ற பெரிஸ், நம்ம வேர்." சர்க்கரை தூக்கலா என்று மாஸ்டர் கேட்டது தப்பு. சாக்கரோன் வந்துவிடும். டீ ஆறி ஆடை கட்டும்.

கிரேக்கமும் லத்தீனும் நம் பக்கத்தில் பெரும்பாலும் பாதிரிமார் படிக்கிற இறையியல் கல்லூரிகளில்தான் உயிரோடு இருக்கின்றன. அங்கே போய் எம்.டிஹெச். வரைக்கும் படித்தார். பாதிரி ஆகவில்லை, அதற்கு மேல் எடுத்த ஆய்வேடும் முடியவில்லை. கேட்டால் வீரமாமுனிவரை இழுப்பார்: அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில், அவரோடு மல்லுக்கு நின்ற லுத்தரன்காரர்கள் அச்சகத்திலேயே அச்சானது தெரியுமா என்று. நமக்குத் தெரியாது. ஆய்வேடும் மறந்துபோகும்.

இத்தனை படித்தவர் ஊருக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அன்றைக்கு ஒரு பெரியவர் ஆசையாய், "அரிசிதானேப்பா கிரேக்கத்துல ஒருஸா ஆச்சு?" என்றார். "அப்படி அடிச்சிச் சொல்ல முடியாது தாத்தா, நடுவுல ஈரான் பக்கத்து மொழி இருக்கலாம்" என்றாரே பார்க்கலாம்! கடையே கப்சிப். "இன்னா படிப்போ" என்று தாத்தா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆனால் டாக்டர் சீட்டு என்று வந்தால் ஊர் அவர் வாசலில்தான் நிற்கும். அதில் பாதி லத்தீன். ஒருநாள் ஓர் ஆயா நீட்டினாள்.

"பி.டி. பிஸ் டீயே."

"டீயோட போடணுமாப்பா?"

"டீ இல்ல ஆயா, டீயே. நாள்னு அர்த்தம். நம்ம ஏழாம் வேற்றுமை மாதிரி, நாளில். பிஸ்னா ரெண்டு தடவை. அப்புறம் பி.சி."

"அது நம்ம சாதி சர்டிபிகேட்டுல போடறதாச்சே?"

"இது போஸ்ட் கீபும். சாப்பாட்டுக்கு அப்புறம்."

எஸ்.ஓ.எஸ். என்றால் கப்பல் முழுகுகிற கூக்குரல் இல்லை, ஸீ ஓபுஸ் ஸிட், தேவைப்பட்டால் மட்டும் போடு என்பது என்று முடிப்பதற்குள் ஆயா மூன்று முறை இருமி, திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காசு ஒரு பைசா வாங்கமாட்டார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் என் அம்மா காய்ச்சலில் கிடந்த ராத்திரி, இந்த மாத்திரை சோற்றுக்கு முன்னாலா பின்னாலா என்று ஓடிப் போய்க் கேட்டேன். முக்கால் மணி நேரம். அங்கே சோறு பிசைந்து வைத்தது வைத்தபடி. வேளையைக் கேட்டவனுக்கு வேரைச் சொல்லி அனுப்புவது என்ன நியாயம்? இன்னும் ஆறவில்லை எனக்கு.

அவருடைய நைனாவுக்கு நாலு விசைத்தறி. அங்கேயும் விடவில்லை. லத்தீனில் டெக்ஸ்டுஸ் என்றால் நெய்தது, இங்கிலீஷ்காரன் டெக்ஸ்ட் அதிலிருந்துதான். நமக்கும் நூல் என்றால் புத்தகம், பா என்றால் செய்யுள். முதல் நூற்றாண்டுக் கிரேக்க வியாபாரி ஒருவன் எழுதிய பெரிப்ளூஸில் அர்காரு ஊர் மெல்லிய துணி வருகிறது, அது நம்ம உறையூர் என்று ஒருநாள் மூச்சுவிடாமல் சொன்னார். நைனா நாடாவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"கூலி இன்னா குடுத்தாங்கன்னு எழுதியிருக்குதா?"

எழுதியிருக்கவில்லை.

"அப்ப அந்த மூணாவது தறியில பாவு அறுந்துகீது, போய் முடி."

போனார். குனிந்து, அறுந்த இழை இரண்டையும் விரல் நுனியில் எடுத்து, ஒரு திருகு, ஒரு முடிச்சு. கண் இமைப்பதற்குள் ஆயிற்று. அந்த வேகம் ஊரில் பாதிப் பேருக்கு வராது. சுவிட்சைத் தட்டினார். நாலு தறியும் சேர்ந்து தடதடவென்று பிடித்துக்கொண்டன. அவர் எங்கள் பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறார். வாய் அசைகிறது, கை இழையைக் காட்டுகிறது. நானும் நைனாவும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம்.