அம்மாவுக்கு வாய்வுதான்

சென்னை அஸ்தினாபுரத்தில் பெண்களுக்கு இதயம் கிடையாது. வயிறு உண்டு, மூட்டு உண்டு, கர்ப்பப்பை உண்டு, 'டென்ஷன்' தாராளமாக உண்டு. ராஜேந்திர பிரசாத் சாலையில் எந்த வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டிப் பாருங்கள். ஐம்பத்தைந்து வயது அம்மா மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கும்போது நெஞ்சிலிருந்து தாடை வரை இழுத்துப் பிடித்து, ஜில்லென்று வேர்த்தால், அதற்குப் பெயர் வாய்வு. ஓமத் தண்ணீர் குடிக்கணும். அடங்கலையா, பெருங்காயம் போட்ட மோர். அதற்கும் மசியாவிட்டால் ஒரு சோடா. சோடா வாங்க யார் போவது? அந்த அம்மாவேதான். மூன்று மாடி இறங்கி, முக்குக் கடையில் வாங்கி, மூன்று மாடி ஏறி வருவாள். செலவில்லாத டிரெட்மில் டெஸ்ட். ரிசல்ட் பார்க்கத்தான் ஆளில்லை.

இதே பிடிப்பு அப்பாவுக்கு வரட்டும். பெங்களூர்ப் பையன் வீடியோ காலில் வந்துவிடுவான், மாப்பிள்ளை காரைக் கிளப்பிவிடுவார், அரை மணி நேரத்தில் அப்பா ஜிஎஸ்டி சாலையில் ஒரு எமர்ஜென்சி கட்டிலில் இருப்பார். அங்கேதான் அம்மாவின் இதயத்துக்கும் வேலை வருகிறது: ஃப்ளாஸ்க்கில் கஞ்சி, கழுத்தில் அட்டெண்டர் பாஸ், உப்பில்லாச் சமையலுக்கு டயட்டீஷியனிடம் பாடம்.

நம்மூரை மட்டும் திட்டிப் பயனில்லை. 1964-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், அமெரிக்க இதயச் சங்கத்தின் ஆதரவில், பெண்களுக்கென்றே முதன்முதலாக ஒரு இதயநோய் மாநாடு நடந்தது. என்ன விஷயம் பேசினார்கள்? கணவரின் இதயத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று! பிறகு வந்த ஆராய்ச்சிகளும் அதே லட்சணம். 1982-ல் முடிவு வெளியான பெரிய மாரடைப்புத் தடுப்பு ஆய்வில் 12,866 பேர். அத்தனை பேரும் ஆண்கள். 1989-ல் ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கும் என்று சொன்ன ஆய்வில் 22,071 டாக்டர்கள். ஒரு பெண் டாக்டர்கூட இல்லை. 1991-ல் பெர்னடீன் ஹீலி என்ற இதய மருத்துவர்தான் உடைத்துச் சொன்னார்: ஆணைப் போலவே தனக்கும் நோய் என்று நிரூபித்தால்தான் பெண்ணுக்கு ஆணுக்குரிய வைத்தியம் கிடைக்கிறது. படிப்பதற்காக ஆண் வேடம் போட்ட யென்ட்ல் என்ற கதைப் பெண்ணின் பெயரையே இதற்கு வைத்தார். நமக்கும் அதுதான் வழி போலிருக்கிறது. நெஞ்சு வலிக்கிற அம்மாவுக்கு முதலில் ஒரு மீசை ஒட்டிவிடலாம், ஓமத் தண்ணீர் அப்புறம்.

ஐம்பது வயதில்தான் இது ஆரம்பம் என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லி எய்ம்ஸில், பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை செய்யச் சொல்லப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2011-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆண் குழந்தைகளில் 70 சதவீதத்துக்கு ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தைகளில் 44 சதவீதத்துக்கு. அந்தப் பிஞ்சுகளுக்கு என்ன, மெனோபாஸா, டென்ஷனா?

சரி, எப்படியோ ஒரு ஈசிஜி வரை அம்மா வந்துவிட்டாள் என்று வையுங்கள். "லேடி ஸ்டாஃப் இல்லம்மா, நாளைக்கு வாங்க." மாரடைப்பும் நாளைக்கு வரும்போல. வற்புறுத்தினால் ஒரு பையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, திரைச்சீலை இல்லாத கட்டிலில் படுக்கச் சொல்லி, ஜாக்கெட்டில் இரண்டு ஊக்கு மட்டும் கழற்றச் சொல்லி, ஜெல்லியைத் தடவி, ரப்பர்க் குமிழ்களைக் கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டுவான். மார்பகத்துக்குக் கீழே, விலா எலும்பு பார்த்து வைக்க வேண்டியவை மேலே எங்கேயோ உட்கார்ந்திருக்கும். அம்மா ஒரு கையால் தாலியையும் மறு கையால் புடவையையும் பிடித்திருப்பாள். அந்த லட்சணத்தில் வரும் தாளைப் பார்த்து, "ஈசிஜி நார்மல்." கூடவே ஒரு ஜெலுசில்.

மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் டிரோபோனினை ரத்தத்தில் பார்க்கலாமே என்றால், அங்கேயும் பல இடங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல்தான். எடின்பரோவில் இன்னும் நுட்பமான சோதனையோடு பெண்ணுக்குத் தனி வரம்பும் வைத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். சந்தேகத்தோடு வந்த பெண்களில் மாரடைப்பு என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 11 சதவீதத்திலிருந்து 22 ஆனார்கள். பெண்களின் இதயம் ஒரே நாளில் கெட்டுவிடவில்லை. சோதனையைக் கூர்மையாக்கி, கோட்டைக் கீழே இறக்கிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

ஆஞ்சியோ வரை போன பாக்கியசாலிகளுக்கு வேறொரு பரிசு. "பெரிய குழாய்ல பிளாக் எதுவும் இல்ல, மனசுதான் காரணம்." ஆஞ்சியோவில் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாமலும் இதயம் ரத்தத்துக்குத் தவிக்கும், பெண்களிடம் இது கூடுதல், இதற்கும் மருந்து உண்டு என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இடம் பிடிப்பதில்லை. யோகா செய்யச் சொல்லி அனுப்புவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இன்னொன்று. இந்த அம்மாக்களின் இதயம் பற்றிய எச்சரிக்கை பல வீடுகளில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, பிரசவ நோட்டில். கர்ப்ப காலத்தில் சர்க்கரை, கர்ப்ப காலத்தில் ரத்தக் கொதிப்பு: இரண்டுமே பிற்காலத்து இதயநோய் அபாயத்தைச் சுமார் இரு மடங்காக்குபவை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சென்னையில் இருந்தே போராடியவர் டாக்டர் வி. சேஷய்யா, அவர் பிறந்த மார்ச் 10-ஐ நாடே கர்ப்பகால நீரிழிவு நாளாக வைத்திருக்கிறது. பார்த்தோம், எழுதினோம், குழந்தை பிறந்தது, நோட்டைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டோம். எந்த டாக்டராவது ஐம்பது வயது அம்மாவிடம், "மாசமா இருந்தப்ப பிபி இருந்துச்சா?" என்று கேட்டு யாராவது பார்த்ததுண்டா? மார்ச் 8, மகளிர் தினம் வந்தால் மட்டும் ரோஸ் கலர் டி-ஷர்ட் கொடுத்து, இதய வடிவில் கோலம் போடச் சொல்லி, முதல் பரிசாக இட்லி குக்கர் தருவார்கள்.

மருந்து இல்லாத ஊரா இது? 2023-ல் வந்த தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் இலவசம்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே விழுங்க வேண்டியவை. மாத்திரை ஆண், பெண் பார்ப்பதில்லை. ஆனால் அதை எடுத்துக் கொடுக்க, எதிரே இருப்பவளுக்கு இருப்பது நெஞ்சுவலி என்று யாராவது நம்ப வேண்டுமே!

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கணவனுக்குத் தெரியாத உலகம் தனக்கும் வேண்டாம் என்று கண்ணைக் கட்டிக்கொண்ட காந்தாரி வாழ்ந்த ஊரின் பெயர் அல்லவா இந்த அஸ்தினாபுரத்துக்கு? "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன், அவருக்கு மாத்திரை நேரமாச்சு" என்று எழுந்து போவாள்.

ஒரு நாள் எழுந்து போக மாட்டாள். அன்றைக்குப் பாருங்கள், குடும்பத்தில் அத்தனை பேரும் கார்டியாலஜிஸ்ட் ஆகிவிடுவார்கள். ஈசிஜி வேண்டாம், டிரோபோனின் வேண்டாம், பிளக்ஸ்காரரிடம் ஒரே குரலில் சொல்வார்கள்: 'திடீர் மாரடைப்பால் இயற்கை எய்தினார்'. ஆறு மாதமாக இருந்த வாய்வு எங்கே போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெரிய பையன் அப்பாவுக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப் புக் பண்ணுவான். அம்மா போனதிலிருந்து அவருக்கு நெஞ்சு லேசாகப் பிடிக்கிறதாம். எக்கோ, டிரெட்மில், ஆஞ்சியோ, எல்லாம் அன்றைக்கே.