கறுத்தப் பெட்டி வாங்கின மருமகனுக்கு

நீ கறுத்தப் பெட்டியொண்டு வாங்கின புதினம் என்ட காதுக்கும் வந்திட்டு, மருமகன். என்ட தங்கச்சி, அதுதான் உன்ட அம்மா, வெத்திலை இடிச்சிக்கொண்டே சொன்னாள்: "அண்ணன், உள்ளங்கையளவு சாமான், ஹாட் டிஸ்க்காம். அதுக்குள்ள ஊருக் கலியாணம் முழுக்கக் கிடக்காம்." விலையைக் கேட்டுப்போட்டு நான் வாய் திறக்கல்ல. அந்தக் காசுக்கு உரம் எத்தனை அந்தர் வாங்கலாம் எண்டு மனசுக்குள்ள ஒள்ளுப்பம் கணக்குப் பார்த்தன், அவ்வளவுதான்.

மறுகா நேற்று உன்ட ஸ்டூடியோவுக்கு வந்தன். கொம்பியூட்டர்ல இருந்த போட்டோ எல்லாத்தையும் பெட்டிக்குள்ள மாத்தி, கொம்பியூட்டரைத் துடைச்சு வச்சிட்டு, "பெக்கப் எடுத்திட்டன் மாமா" எண்டு நெஞ்சை நிமித்தினாய். எனக்கு மவுஸ் பிடிக்கவும் தெரியாது. ஆனாலும் ஒண்டு கேக்கிறன். என்ட பட்டியில நிக்கிற மாட்டை உன்ட பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போனா மாடு ரெண்டாகுமா? முந்தி கொம்பியூட்டர்ல ஒண்டு இருந்தது, இப்ப பெட்டியில ஒண்டு இருக்கு. பெட்டி கீழ விழுந்தா அந்த ஒண்டும் இல்ல. விழாது எண்டு சொல்லாதே. நான் இருந்த அரை மணித்தியாலத்துக்குள்ள உன்ட முழங்கை அதை ரெண்டு தரம் தட்டினது. அதுக்குள்ள ஒரு தட்டு நிமிசத்துக்கு 5,400 தரம் சுத்துதாம். சுத்தக்குள்ள தட்டினா ஊசி தட்டில உரசுமாம். உரசினா மாப்பிள்ளையும் இல்ல, பொம்பிளையும் இல்ல.

இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு பார்க்கிறாயா? என்ட பேரன் சொன்னான். நான் தலையை மட்டும் ஆட்டினன். அவன் இன்னுமொண்டும் சொன்னான். விண்டோஸ்லயே 'பைல் ஹிஸ்டரி' எண்டொரு வசதி சும்மா கிடக்காம். படங்களைத் திரும்பக் கொம்பியூட்டர்ல போட்டு, பெட்டியைச் சொருகி, "இதுக்குள்ள வை" எண்டு ஒருக்காக் காட்டிக் குடுத்தாப் போதும். முதல் நாள் எல்லாத்தையும் எடுக்க ராவு முழுக்க ஆகலாமாம். மறுகா மாறினதை மட்டும் எடுக்குமாம். ஆனா அது கொம்பியூட்டர்ட வழமையான இடங்களைத்தான் தானாப் பார்க்கும். நீ கலியாணங்களை எல்லாம் 'டி' றைவ்லதான் குவிச்சு வைக்கிறாய். அந்த இடத்தையும் சேர் எண்டு நீதான் சொல்லணும். சொல்லாட்டி அது உன்ட பாடசாலைச் சான்றிதழைப் பத்திரமா வச்சிட்டு, காசு வாங்கின கலியாணத்தை விட்டுப்போடும்.

எடுத்து முடிஞ்சா 'இஜெக்ட்' அடிச்சுக் கழட்டு. இருபத்தி நாலு மணித்தியாலமும் சொருகி வச்சா, கொம்பியூட்டருக்குள்ள பூர்ற கள்ளன் பெட்டிக்குள்ளயும் பூருவான். கப்பம் கேக்கிற வைரஸ் ஒண்டு இரிக்காம். பைலை எல்லாம் பூட்டிப்போட்டு திறப்புக்குக் காசு கேக்குமாம். கொழும்பு அரசாங்கத்தையே அது விடல்ல. 2023 இல அரசாங்கக் கிளவுட்டுக்குள்ள பூந்து, மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சலைத் திண்டிட்டு. கிட்டத்தட்ட 5,000 விலாசம், அமைச்சரவை அலுவலகத்திட விலாசமும் அதுக்குள்ள. அந்தக் காலத்துக்கு வேறா ஒதுக்கி வச்ச பிரதி இல்லயாம். பெரிய மனுசர் அவங்க, சமாளிச்சிருவாங்க. உனக்கு, அல்பம் கேட்டு வாற பொம்பிளையிட தாய்க்கு என்ன சொல்லிச் சமாளிக்கிறது?

பிரதி எடுக்கிறது புதுப் பழக்கமில்ல, மருமகன். தம்பிலுவில் கண்ணகி அம்மன் சடங்குக்கு 'கண்ணகி வழக்குரை' படிக்கிறதைக் கேட்டிருப்பாய். இல்ல, கேட்டிருக்க மாட்டாய்; நீ படம் பிடிச்சிக்கொண்டு நிண்டிருப்பாய். அந்தக் காலத்துல அது ஓலை ஏடு. செல்லரிக்கும், மழை நனைக்கும். பழசு அழிய முன்னம் ஆரோ ஒரு கட்டாடியார் விளக்கு வெளிச்சத்துல குந்தியிருந்து புது ஓலையில கீறினார். அவருக்குப் பொறகு இன்னொருத்தர். 1968 இல பண்டிதர் வீ. சீ. கந்தையா அதைப் புத்தகமாக் கொண்டுவரக்குள்ள எடுத்துப் பார்க்க ஏடு மிஞ்சிக் கிடந்தது. யாழ்ப்பாணத்து நூலகத்தை 1981 இல எரிச்சாங்களே, அதுக்குள்ள வேற எங்கயும் பிரதி இல்லாமக் கிடந்த ஏடுகளும் போச்சு. 97,000 புத்தகம் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. புத்தகத்தை வேற இடத்துல தேடி வாங்கலாம். அந்த ஏட்டை எங்க போய்த் தேடுற?

இனிப் பெட்டியை வைக்கிற இடம். கொம்பியூட்டருக்குப் பக்கத்துல, அதே மேசையில, அதே லாச்சியில வச்சிருக்கிறாய். ஒண்டுக்கு வாற அழிவு மற்றதுக்கும் வரும். சுனாமி வந்த 2004 மார்கழி 26 இல நீ சின்னப் பொடியன். இந்த அம்பாறைக் கரையில மட்டும் 10,000 பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. உயிரோட மிஞ்சினவங்க மறுகா முகாம்ல இருந்து கொண்டு பிறப்புப் பத்திரத்துக்கும் காணி உறுதிக்கும் அலைஞ்சாங்க. செத்த பிள்ளையிட ஒரு படம் கிடைக்குமா எண்டு சொந்தக்காரர்ர அல்பத்தைப் புரட்டின தாய்மாரும் இருந்தாங்க. தூரத்து வீட்டு அல்பத்துல ஒரு படம் இருந்தா அது கிடைச்சது. இந்த இடத்துல நான் பகிடி விடல்ல.

அதனால இன்னொரு பெட்டி வாங்கு. முறைக்காதே, உரக்காசு நான் தரமாட்டன். ஒண்டு உன்ட கடையில, மற்றது இஞ்ச என்ட வீட்டுல. உன்ட மாமியிட பெட்டகத்துல, விதைநெல் மூட்டைக்குப் பக்கத்துல, சீலைக்குக் கீழ இடம் ஒதுக்கி வச்சிருக்கன். வெள்ளிக்கு வெள்ளி மாத்தி மாத்திக் கொண்டு வா. மாசத்துல ஒருக்கா அதுக்குள்ள இருந்து ரெண்டு படத்தை வெளிய எடுத்துத் திறந்தும் பார். விதைநெல்லையும் நாங்க முளைக்குதா எண்டு சாக்குத் துண்டுல கட்டிப் பார்த்துத்தான் வட்டைக்குக் கொண்டு போறது.

முதல்ல எடுத்துத் திறக்க வேண்டியது என்ட அறுவதாம் கலியாணப் படம். நீ பிடிச்சு நாலு வருசம். இன்னும் எனக்கு அல்பம் வரல்ல. வாற வெள்ளி வரக்குள்ள அதையும் கொண்டு வா, வெத்திலையும் வாங்கிக்கொண்டு வா.