முகூர்த்தம் பார்த்தாச்சு, காற்று பார்த்தாச்சா?

கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது ராகு காலம், எமகண்டம், கரிநாள், சந்திராஷ்டமம் என்று ஆகாயத்தில் இருக்கும் சகலரையும் விசாரித்துவிடுகிறோம். மேகத்தை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆடி ஆகாது, மார்கழி ஆகாது, புரட்டாசி பல வீடுகளில் ஆகாது. தையில் பெண் கிடைத்தாலும் மண்டபம் கிடைக்காது. கழித்துக்கொண்டே வந்தால் ஆனி, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை என்று ஏதாவதொரு பருவமழையின் மடியில்தான் பல முகூர்த்தங்கள் போய் விழுகின்றன. மறுவீட்டு விருந்து செரிப்பதற்குள் ஜோடி கொடைக்கானலுக்கு வண்டி ஏறிவிடுகிறது. அங்கே தூண்பாறை இருக்கவேண்டிய திசையில் வெள்ளையாக ஏதோ நிற்கும். அதன் முன்னால் சிரித்தபடி எடுத்துக்கொண்ட படத்தைக் காட்டி, சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவர் என்று சொன்னால்கூட உறவுக்காரர்கள் நம்புவார்கள்.

மழை வந்துவிட்டது என்பதற்காகத் தேனிலவைத் தள்ளிப்போட வேண்டாம். வெகுதூரத்து ஊருக்கு மாற்றவும் வேண்டாம். மலையின் மறுபக்கம் போனால் பெரும்பாலும் போதும் என்பது என் கட்சி. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வருகிறது; அரபிக்கடலில் மொண்ட தண்ணீரை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. நீலகிரியின் மேற்கில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான ஒருநாள் மழை 82 செ.மீ.; சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். நல்லவேளை, அது ஆடி மாதம், புதுமாப்பிள்ளைகள் தப்பித்தார்கள். (ஆடியை விலக்கிய பெரியவர்களிடம் மழைமானி இருந்ததோ என்னவோ.) அந்தப் பருவத்தில் அதே மலையின் கிழக்கு ஓரத்துக் கோத்தகிரிக்குக் கிடைப்பதோ மீந்த சாரல்தான். ஐப்பசி பிறந்தால் கதை தலைகீழ். காற்று வங்கக்கடல் பக்கமிருந்து வரும், குன்னூரும் கோத்தகிரியும் நனையும், மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் மண் சரியும், மலை ரயில் ரத்தாகும். 1899-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. அதன் பல்சக்கரம் எப்பேர்ப்பட்ட ஏற்றத்தையும் கடித்துக்கொண்டு ஏறும், சேற்றைக் கடிக்காது. இலங்கையிலும் இதே கூத்துதான்: மே முதல் செப்டம்பர் வரை பெந்தோட்டையில் அலை சீறும்போது திருகோணமலை நிலாவெளியில் கடல் சாதுவாகக் கிடக்கும், டிசம்பரில் இரண்டும் குணத்தை மாற்றிக்கொள்ளும்.

"பருவமே தப்பிப்போன காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடுமா?" என்று கேட்கலாம். மழையின் அளவு தப்புகிறது, தேதி தப்புகிறது. காற்று வரும் திசை தப்புவதில்லை. ரயில் டிக்கெட்டை 60 நாளுக்கு முன்பே எடுக்கிறோம். வானிலை அறிக்கையை ஓரளவு நம்பலாம் என்றால் அது நாலைந்து நாளைக்குத்தான். எனவே முன்பதிவு செய்யும்போது கைபேசிச் செயலியில் சூரியன் சிரிப்பதைப் பார்த்துப் பயனில்லை, திசையைத்தான் பார்க்க வேண்டும். புயலுக்கு இது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, போகிற போக்கில் கொடைக்கானல் மலையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனது. புயலுக்கு மறுபக்கம் கிடையாது. ரத்து செய்தால் அறை வாடகை திரும்பி வருமா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது ஒன்றுதான் பரிகாரம்.

மழையே தேனிலவுக்கு அழகு என்று வாதிடும் ரசிகர்களும் உண்டு. சினிமாவில் தொப்பலாக நனைந்த நாயகன் அடுத்த ஷாட்டில் இஸ்திரி போட்ட சட்டையில் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். ஈரமான ஒரு ஜோடி சாக்ஸ், மழைக்கால ஊட்டியின் ஓட்டல் அறையில் எளிதில் காயாது. முதல் நாள் நாற்காலி முதுகில் தொங்கும், இரண்டாம் நாள் டி.வி. மேல் ஏறும், மூன்றாம் நாள் அதன் வாசனை அறையின் மூன்றாவது ஆளாகிவிடும். கல்யாணமாகி ஒரு வாரமே ஆன பெண்ணிடமிருந்து "இது யாருடைய சாக்ஸ்?" என்ற கேள்வி வரக்கூடாது. மழையில் நனைந்தே தீருவோம் என்பவர்களுக்கு மழையையே சரக்காக விற்கிற ஊர் ஒன்று இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் அடித்தால் சீசன் கெட்டது என்று யாரும் சொல்வதில்லை, அடிக்காவிட்டால்தான் புலம்புவார்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடாதவரை தாராளமாகப் போகலாம். ஒரே ஒரு சிக்கல்: அங்கே அருவியில் ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். மாப்பிள்ளை ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம், நடுவில் காவல்துறை.