பழைய ஃபிளாக்ஷிப்புக்கு இன்னும் மவுசு உண்டா?

கேள்வி: மும்பை கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் வாங்குவதும் பழைய ஃபிளாக்ஷிப் போன் வாங்குவதும் ஒன்றுதானே?

பதில்: பாதிதான் ஒன்று. மகேஸ்வரி உத்யான் பக்கத்து நடைபாதைக் கடைகளில் விற்கும் பழைய புத்தகம் எத்தனை கை மாறினாலும் உள்ளே அச்சான பாடம் அப்படியே இருக்கும். அட்டை கிழிந்தால் விலை இறங்கும், அவ்வளவுதான். போனுக்கோ இரண்டு வயது உண்டு. முதலாவது உடம்பின் வயது: பேட்டரி, டிஸ்ப்ளே, சார்ஜிங் போர்ட் ஆகியவற்றின் தேய்மானம். இரண்டாவது மென்பொருளின் வயது: தயாரித்த நிறுவனம் பாதுகாப்பு அப்டேட் அனுப்புவதை நிறுத்தும் நாளில் அது முடிகிறது. உடம்பைப் பழுதுபார்க்க ஊரெல்லாம் கடை இருக்கிறது. மென்பொருளின் ஆயுளை நீட்டித் தர எந்தக் கடைக்காரராலும் முடியாது. பழைய ஃபிளாக்ஷிப் வாங்குபவர் காசு கொடுப்பது மீதமிருக்கும் ஆண்டுகளுக்குத்தான்.

கேள்வி: அப்படியிருந்தும் பழையதைத் தேடிப் போகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

பதில்: சரக்கு இருக்கிறது. ஒரு நிறுவனம் அந்த ஆண்டில் தன்னால் முடிந்த உச்சத்தைக் காட்டும் போன்தான் ஃபிளாக்ஷிப். வேகமான பிராசஸர், வேகமான யூஎஃப்எஸ் சேமிப்பகம், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் கேமரா, உலோகச் சட்டம், வயர்லெஸ் சார்ஜிங் எல்லாம் அதில் சேர்ந்தே வரும். மூன்று ஆண்டு கழிந்தாலும் இவற்றில் பெரும்பாலானவை மலிவு விலைப் புதுப் போன்களுக்கு வந்து சேர்வதில்லை. ஷண்முகானந்தா அரங்கின் மங்கலான வெளிச்சத்தில் மேடையைப் படமெடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். நல்ல சென்சாரும் ஓஐஎஸ்ஸும் உள்ள பழைய போன் முகத்தைத் தெளிவாகத் தரும். மெகாபிக்சல் எண்ணிக்கை மட்டும் பெரிதாக இருக்கும் புதுப் போன் அதே முகத்தைக் கலங்கலாகத் தரும்.

கேள்வி: எத்தனை வயது வரை பழையதை நம்பலாம்?

பதில்: வயதைவிட, மாடலைப் பார்ப்பதுதான் சரி. ஆண்ட்ராய்டு பக்கம் கணக்கு வெளிப்படையானது. 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8, 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்சி எஸ்24 ஆகிய இரண்டுக்கும் 7 ஆண்டு அப்டேட் உறுதி தரப்பட்டிருக்கிறது. 2022-இல் வந்த எஸ்22 வரிசைக்குப் பாதுகாப்பு அப்டேட் 5 ஆண்டுகள்தான். அந்தக் கணக்கு 2027-இல் முடிகிறது. 2021-இன் எஸ்21 வரிசைக்கு அதே 5 ஆண்டு 2026 தொடக்கத்தோடு சரி. ஆப்பிள் முன்கூட்டி நீண்ட உறுதி தருவதில்லை, நடைமுறையில் நெடுநாள் தருகிறது. 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இரண்டும் 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வந்தபோதுதான் பட்டியலிலிருந்து கழன்றன. 2019-இன் ஐபோன் 11 அதில் தப்பித்தது.

அப்டேட் நின்ற போன் மறுநாளே படுத்துவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. மாதச் சம்பளமும், சீட்டுப் பணமும், ஊருக்கு அனுப்பும் காசும் யூபிஐ வழியாகவே போய்வரும் காலம் இது. அந்தக் கைபேசியின் கதவு திறந்து கிடப்பது சின்ன விஷயம் இல்லை. செயலிகளும் ஒவ்வொன்றாக விடைபெறும்: வாட்ஸ்அப் 2025 மே மாதம் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களைக் கைவிட்டது. ஐபோன் 6 அதோடு வாட்ஸ்அப்பை இழந்தது.

கேள்வி: விலை நியாயமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: வகுத்தல் போதும். கேட்கும் விலையோடு புதுப் பேட்டரி மாற்றும் செலவைக் கூட்டி, மீதமிருக்கும் பாதுகாப்பு ஆண்டுகளால் வகுக்க வேண்டும். செலவெல்லாம் சேர்த்து 18,000 ரூபாய், மீதி 2 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 9,000. இன்னொன்று 24,000 ரூபாய், மீதி 4 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 6,000. சொல்லும்போது மலிவாகத் தெரிந்தது முதலாவது. உண்மையில் மலிவு இரண்டாவது. பேரம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய எண் இதுதான். மீதி ஓராண்டுக்கும் குறைவு என்றால் வகுக்கவே வேண்டாம், விட்டுவிடலாம்.

கேள்வி: அதே காசுக்குப் புதுப் போனே வாங்கிவிட்டால்?

பதில்: சிலருக்கு அதுதான் சரி. முன்பு மலிவு விலைப் போன்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுதான் அப்டேட் கிடைத்தது. அந்த நிலை மாறுகிறது. 2024-இல் வந்த சாம்சங் கேலக்சி ஏ16 5ஜி போனுக்கே 6 ஆண்டு உறுதி உண்டு. புதுப் பேட்டரி, ஓராண்டு வாரன்டி, தன் பெயரில் பில் எல்லாம் சேர்ந்து வரும். நாள் முழுக்க டெலிவரிக்கு ஓடுபவருக்கும், போன் நின்றால் அன்றைய கூலியே நிற்கும் என்ற நிலையில் உள்ளவருக்கும், கடையில் நின்று சோதித்து வாங்கத் தயங்கும் பெரியவருக்கும் புதியதே நல்லது. கேமராவும் வேகமும் முக்கியம், ஒரு பேட்டரி மாற்றும் செலவைத் தாங்க முடியும் என்பவருக்குப் பழைய ஃபிளாக்ஷிப் லாபம். மாட்டுங்காவில் படிக்கும், வீடியோ எடுத்துப் பழகும் மாணவர் இந்த இரண்டாவது வகை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அத்திம்பேர் கொண்டுவந்த போன், சும்மா கிடக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: உறவு நல்லது, சிம் பொருந்த வேண்டும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் சிம் கார்டு செருகும் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். இசிம்முக்கு மாறத் தயார் என்றால் தடையில்லை. அடுத்து, தவணையில் விற்ற அமெரிக்கப் போன்கள் அந்த ஊர் நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருக்கலாம். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கேரியர் லாக் என்ற வரியில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் உள்ளூர் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பாவது பேசிப் பார்க்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது என்பதால், 4ஜி வழியாகப் பேச உதவும் வோல்ட்டி வேலை செய்யாத வெளிநாட்டுப் போனில் நெட் ஓடும், பேச்சு ஓடாது.

5ஜி வேண்டுமா என்பது தனிக் கேள்வி. இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1-இல். ஐபோன் 11-இல் 5ஜி இல்லை, ஐபோன் 12-இலிருந்து உண்டு. 4ஜி போதும் என்பவருக்கு 5ஜி இல்லாதது விலை குறைக்கக் கேட்கும் காரணம். வேண்டும் என்பவருக்கு வாங்காமலிருக்கும் காரணம்.

கேள்வி: பேட்டரி “நல்லா நிக்கும்” என்று கடைக்காரர் சொல்வது போதுமா?

பதில்: பேட்டரியே சொல்லட்டும். ஐபோனில் செட்டிங்ஸ் பகுதியில் பேட்டரி ஹெல்த் சதவீதம் தெரியும். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் தாங்கும்படியும், ஐபோன் 15 முதல் 1,000 சுற்றுக்குப் பிறகு அதே அளவு தாங்கும்படியும் வடிவமைக்கப்பட்டவை. 80-க்குக் கீழே என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பழைய போனில் 100 காட்டினாலும் மகிழ்ந்துவிடக் கூடாது, பேட்டரி மாற்றப்பட்டிருக்கும். ஐஓஎஸ் 15.2 முதல் அபவுட் பக்கத்தில் மாற்றிய பாகங்களின் விவரமும், அவை நிறுவனத்தின் அசல் பாகமா என்பதும் தெரியும்.

ஆண்ட்ராய்டில் எளிய வழி: போனைக் கண்ணாடி மேசையில் திரை கீழே இருக்கும்படி வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். பம்பரம்போலச் சுழன்றால் உடம்பு உப்பியிருக்கிறது என்று பொருள். பக்கவாட்டில் திரை சட்டத்தை விட்டு மேலே எழும்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. அந்தப் போனை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

கேள்வி: டிஸ்ப்ளே அசலா, காப்பியா?

பதில்: வெள்ளைப் படம் ஒன்றும், கறுப்புப் படம் ஒன்றும் வேண்டும். முழு வெள்ளையில் விசைப்பலகையின் நிழலோ கீழ்ப் பட்டையின் நிழலோ தெரிந்தால் ஓஎல்இடி திரையில் பதிந்துபோன தழும்பு அது. பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் திரையே போகிற வழி. பேனல் மாற்றும் செலவு போனின் விலையில் பெரும்பங்கைத் தின்னும். கறுப்புப் படத்தை இருட்டில் பார்த்தால், அசல் ஓஎல்இடி அணைந்ததுபோலக் கறுப்பாக இருக்கும். ஓஎல்இடி திரையோடு வந்த மாடலில் சாம்பல் வெளிச்சம் கசிந்தால் மலிவான எல்சிடி காம்போ மாட்டப்பட்டிருக்கிறது. திரைக்குள் கைரேகை சென்சார் உள்ள மாடல்களில் அந்த எல்சிடியோடு கைரேகை வேலை செய்யாது. சாம்சங் போனில் *#0*# அழுத்தினால் நிறம், தொடுதிரை, ஸ்பீக்கர், சென்சார் எல்லாவற்றையும் சோதிக்கும் பக்கம் திறக்கும். அது திறந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

கேள்வி: ஐபி68 என்று போட்டிருக்கிறது. கிங்ஸ் சர்க்கிள் மழைக்கு இனிப் பயமில்லையே?

பதில்: மழைக்கு அந்தச் சான்றிதழைப் படிக்கத் தெரியாது. ஐபி68 என்பது புதுப் போனை, ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில் வைத்துத் தரும் மதிப்பு. கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் பெருமழைக்கு முழங்காலளவு தேங்குவது சாக்கடையும் எண்ணெயும் கலந்த நீர். உள்ளே நீரைத் தடுக்கும் ஒட்டுப்பசையும் ரப்பரும் ஆண்டுதோறும் இறுகித் தளரும். ஒருமுறை திறந்து ஒட்டிய போனில் அந்தக் காப்பு இருக்கிறது என்று எண்ணவே கூடாது.

ஆகவே மழைக்காலம் முடிந்த கையோடு விற்பனைக்கு வரும் போனை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். சிம் தட்டை வெளியே இழுத்து அந்தப் பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பல மாடல்களில் ஒரு சிறு ஒட்டு தெரியும். வெள்ளையாக இருந்தால் நிம்மதி. சிவப்பாக மாறியிருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. கேமரா கண்ணாடிக்குள் பனி படர்ந்ததுபோலத் தெரிவதும், சார்ஜிங் போர்ட்டில் பச்சைப் பூஞ்சணம்போலப் படிந்திருப்பதும் அதே செய்தியைச் சொல்கின்றன. நீர் புகுந்த மதர்போர்டு அன்றைக்கு ஓடும். அரிப்பு மெல்லப் பரவி, சில மாதத்தில் படுக்கும்.

கேள்வி: திருட்டுப் போனாக இருந்தால்?

பதில்: பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் நஷ்டம். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அரசுப் பதிவேட்டிலிருந்து பதில் வரும். பிளாக்லிஸ்டட், டூப்ளிகேட் என்று வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். இந்த சிஇஐஆர் பதிவேட்டின் சோதனை ஓட்டம் 2019 செப்டம்பரில் மகாராஷ்டிராவில்தான் முதலில் தொடங்கியது. 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக நாடு முழுவதும் வந்தது. அதில் முடக்கப்பட்ட போன் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் ஓடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். ஐஎம்இஐ எண்ணை மாற்றுவதற்கு 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்த மலிவுக்குப் பின்னால் எங்கோ ஒருவர் ரயிலில் பறிகொடுத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருப்பார் என்பது சட்டத்தைவிடப் பெரிய காரணம்.

கேள்வி: பணத்தை எப்போது கொடுக்க வேண்டும்?

பதில்: கடைசியில். முதலில் விற்பவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். பிறகு ஃபேக்டரி ரீசெட். அதன்பின் வாங்குபவர் தன் சிம்மைப் போட்டு, தன் கணக்கில் நுழைந்து, முகப்புத் திரை வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இடையில் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லை அது கேட்டால் அந்தப் போன் இன்னும் அவருடையதுதான். வங்கிச் செயலி ஒன்றைத் திறந்து பார்ப்பதும் அவசியம். ரூட் செய்யப்பட்ட போனில் அவை பெரும்பாலும் திறக்காது. எல்லாம் சரி என்றால் பணத்தை யூபிஐயில் அனுப்பி, ஐஎம்இஐ எண் எழுதிய பில்லோ கையெழுத்திட்ட சீட்டோ வாங்கிக்கொள்ள வேண்டும். லாமிங்டன் ரோடு கடையானாலும் பக்கத்து வீட்டு நண்பரானாலும் இந்த ஒழுங்கு மாற வேண்டியதில்லை.

கேள்வி: வாங்கிய பழசும் ஒருநாள் பழசாகிவிடுமே, அப்போது?

பதில்: ஓடும் நிலையில் இருந்தால் அப்டேட் முடிய ஓராண்டாவது இருக்கும்போதே விற்றுவிட வேண்டும், அடுத்து வாங்குபவருக்கும் நியாயம் கிடைக்கும். ஓடாத நிலைக்கு வந்தால், தரவுகளை அழித்து, 2022 மின்கழிவு விதிகளின் கீழ்ப் பதிவுபெற்ற மறுசுழற்சி மையத்திலோ நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலோ கொடுக்க வேண்டும். வீட்டுக் குப்பையோடு பேட்டரியைப் போடக் கூடாது. பக்கத்துத் தாராவியில் பழைய பொருள்களைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்கள். உப்பிய லித்தியம் பேட்டரி குத்துப்பட்டுத் தீப்பிடித்தால் காயம் அவர்களுக்கு.