சாளை ஆயக் கடல் கடந்த கதை

வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். நூறு வருஷத்துக்குமேல் ஆன பிறகு, அதே தூத்துக்குடியில் பிறந்த நான் கொழும்பு போக மதுரைக்கு பஸ் பிடித்து அங்கே விமானம் ஏறினேன். 2011 ஜூனில் ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள்; அந்த வருஷம் முடிவதற்குள் அதுவும் நின்றுபோனது. வ.உ.சி. பேரைத் தாங்கிய துறைமுகத்தில் கன்டெய்னர் ஏறுகிறது, காற்றாலை இறக்கை ஏறுகிறது. டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒரு மனுஷி ஏற வழியில்லை.

போன காரியம், இலங்கையின் தென்மேற்குக் கரையில் கொஸ்கொட பக்கம் ஓர் ஆமைக் குஞ்சு பொரிப்பகத்தில் தன்னார்வலர் வேலை. இதில் சம்பளத்தை நாம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும், டாலரில். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "காசும் குடுத்து வேலையும் பாக்கணுமா? நம்ம உப்பளத்துக்கு வா, காசு வாங்காம வேலை தாரேன்" என்றார். அத்தை கவலைப்பட்டது வேறு தினுசு. "ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நீ ஆமை வீட்டுக்குள்ள போய்ப் புகுறியே, அதுக என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆச்சிக்கு விஷயமே புரியவில்லை. "ஏட்டி, ஆமை ரத்தம் மூலத்துக்கு நல்லது. அதுக்கு எதுக்கு சிலோன் போறே?" அவள் காலத்தில் மன்னார் வளைகுடா ஆமை இங்கே கறியாகவும் மருந்தாகவும் விலைபோனது. இன்றைக்கு அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சரியாசனத்தில் இருக்கிறது. ஆச்சியிடம், இந்த வைத்தியத்தை வெளியாட்கள் முன்னால் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மற்ற எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "தனியாவா?"

தனியாகப் போவது என்றால் என்ன என்பதற்கு ஆமை ஆய்வாளர் சதீஷ் பாஸ்கர்தான் உதாரணம். 1982-இல், லட்சத்தீவில் சுஹேலி வலியகரை என்ற ஆளில்லாத் தீவில் பேராமையைப் படிக்கப் போனார். அது முட்டையிட வருவது மழைக்காலத்தில். மழைக்காலத்தில் அங்கே படகு போகாது. எனவே முன்பே போய் இறங்கி ஐந்து மாதம் ஒற்றை ஆளாக இருந்தார். மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். 24-ஆம் நாள் அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைக்க, அவர் தன் கடிதம் ஒன்றையும் சேர்த்து, குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று எழுதித் தபாலில் அனுப்பிவைத்தார். பாஸ்கர் பின்னாளில் இந்தோனேசியாவின் பப்புவா வரை போய் ஏழுவரி ஆமைகளுக்கு அடையாளத் தகடு மாட்டினார். என் விஷயத்தில், வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் மணிக்கொரு தரம் "சாப்ட்டியா?" வந்தது. தனிமைக்கு வாய்ப்பே தரவில்லை.

காலையில் தொட்டி கழுவ வேண்டும். வலையில் சிக்கித் துடுப்பை இழந்த ஆமைகளின் ஓட்டில் படிந்த பாசியைப் பிரஷால் தேய்த்தால், அவை பின்பக்கத்தை இடமும் வலமும் ஆட்டிக் கொடுக்கும். பிறகு தீனி. கூடை நிறையச் சாளை. ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் வந்த பிள்ளைகள் மீனின் வாலை இரண்டு விரலால் தூக்கி, அதனிடம் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நின்றார்கள். நான் உட்கார்ந்து செதில் உரசி, தலை கிள்ளி, குடலை உருவி, கூடையைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தால் சுற்றிலும் செல்போன்கள். அன்றிலிருந்து சாளை ஆய்வது என் இலாகா. டாலர் கொடுத்து எங்கள் வீட்டு அடுப்படி வேலை. ஆமைக் குஞ்சு பொரிக்கவைக்கும் இதே வேலையைச் சென்னையில், 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி நடந்து, முட்டை சேகரித்துச் செய்கிறது. கூட நடக்கப் பொதுமக்களையும் அழைக்கிறது, டாலர் இல்லாமல். அப்பாவுக்கு இது தெரிய வேண்டாம்.

ஓரிரவு பேராமை வந்தது. பின்துடுப்பை மடக்கி மண்ணை அள்ளி அள்ளிக் குழி பறித்தது. ஒரு வீச்சு மண் நேராக என் வாய்க்குள். முட்டையிடும்போது அதன் கண்ணில் நீர் வழிய, ஜெர்மன் பெண்ணும் அழத் தொடங்கினாள். அது துக்கமில்லை, உடம்பில் சேர்ந்த உப்பைச் சுரப்பி வெளியேற்றுகிறது என்றேன். உப்பு விஷயத்தில் தூத்துக்குடிக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் என்பதையும் சொல்லிவைத்தேன். எங்கள் ஊர் வெயிலில் முட்டை போட்டால் மகளிர் கல்லூரிதான்.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. பொரித்த குஞ்சுகளைச் சுற்றுலாக்காரர் போட்டோ எடுக்கத் தொட்டியில் நீந்தவிட்டு வைப்பார்கள். வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருதான் அதற்கு ஆழ்கடல் வரைக்குமான கட்டுச்சோறு; அதைத் தொட்டியிலேயே தீர்த்துவிட்டுக் கடலில் என்ன செய்யும்? கேட்டேன். "சாளை ஆய்ந்தாச்சா?" என்று பதில் வந்தது.

ஒருநாள் இருட்டியபின் விட்ட குஞ்சுகளில் பாதி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து உணவகத்தை நோக்கி நடந்தன. வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பும் ஜாதி அது; உணவகத்தில் கல்யாண வீடு போல விளக்கு. பிள்ளைகள் குஞ்சுகளைத் திருப்பிவிட, நான் ஓடிப்போய் எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் கெஞ்சினேன். மேனேஜர் நிதானமாக, "தமிழ்லயே சொல்லுங்கக்கா" என்றார். பதுளைக்காரர். ஊரைச் சொன்னதும், "தூத்துக்குடியா? மக்ரூன் இருக்கா?" என்றார்.

அம்மா கட்டிக் கொடுத்ததில் ஒரு பாக்கெட் கைமாறியது. கடற்கரைப் பக்கம் மொத்தமும் இருண்டது. மறுநாள் காலையில் உணவகத்துப் பையன் வந்து, இன்னும் எத்தனை பாக்கெட் இருக்கிறது, வாசல் விளக்கையும் அணைக்க வேண்டுமா என்று மேனேஜர் கேட்டுவரச் சொன்னதாகச் சொன்னான்.