எல்லை தாண்டிய சிக்கனம்

பெங்களூர் மலிவான ஊர் என்று ஒரு காலத்தில் ஜனங்கள் நம்பினார்கள் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால், நம்முடைய மூளையின் ஆரோக்கியத்தைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் ரகசியமாக ஆலோசனை செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். ஆயினும் அது சத்தியம். 1809-ஆம் வருஷம் ஆங்கிலேயர் இங்கே தண்டு இறங்கியபோது, சென்னைப் பட்டாளத்தின் பின்னால் சமையற்காரர்களும் தையற்காரர்களும் கொத்தனார்களும் குத்தகைதாரர்களுமாகத் தமிழர்கள் திரண்டு வந்து அல்சூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வேரூன்றினார்கள். அதற்கு வெகுகாலத்துக்குப் பின்னர், சர்க்கார் உத்தியோகத்தில் நரைத்துப்போன தலைகள் பலவும் சென்னையின் வெயிலுக்கும் விலைவாசிக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இவ்வூரின் ஓட்டுவீடுகளில் ரோஜாச் செடி வளர்த்துக்கொண்டு பென்ஷன் பணத்தில் காலட்சேபம் நடத்த வந்து சேர்ந்தன. பென்ஷன்காரர்களின் சொர்க்கம் என்று அக்காலத்தில் இதற்குப் பெயர். என் பாட்டனாரும் அந்தச் சொர்க்கவாசிகளில் ஒருவர். அவருடைய பேரனாகிய நான், அதே சொர்க்கத்தில் மாத வாடகை கட்டுபடியாகாமல், சிக்கனத்தை முன்னிட்டுத் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும்படி நேர்ந்ததை விதியின் விளையாட்டு என்றுதான் சொல்லவேண்டும்.

இந்த யோசனைக்குக் காரணஸ்தர் எங்கள் வீட்டுக்காரர். மகா சாது. வருஷத்துக்கு ஒருமுறை வருவார். கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காபி வேண்டவே வேண்டாம் என்று மறுத்து, பிறகு அரை டம்ளர் போதும் என்று இறங்கிவந்து, முழு டம்ளரையும் குடித்து முடிப்பார். என் ரத்த அழுத்தத்தையும் என் மனைவியின் முழங்கால் வலியையும் அக்கறையோடு விசாரிப்பார். எல்லாம் முடிந்து வாசலில் இறங்கி, ஒரு செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு மற்றதைக் காலாலேயே துழாவுகிற சமயத்தில்தான், ஏதோ மறந்துபோன விஷயம் நினைவுக்கு வந்தவர்போல, "அடுத்த மாசத்திலிருந்து முப்பத்தெட்டு சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார். முப்பத்திரண்டாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தவனிடம் இப்படிச் சொல்லுகிறோமே என்ற சங்கடம் அவர் முகத்தில் நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டுவிட்ட மனிதரோடு வாதம் செய்வது சாத்தியமில்லை. சட்டப்படி அவர் புறப்பட்டுப் போய்விட்டவர்.

பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது இந்நகரத்தின் தொன்றுதொட்ட சம்பிரதாயம். அந்தப் பணம் வட்டி என்ற சொப்பனம்கூட இல்லாமல் வீட்டுக்காரரிடம் நித்திரை செய்யும். நாம் காலி செய்கிற அன்று பெயிண்ட் கூலி என்று ஒரு மாத வாடகையை இழந்து, இளைத்துப்போய் நம்மிடம் திரும்பி வரும். வாடகை ஏறினால் அட்வான்ஸும் அதே விகிதத்தில் ஏறவேண்டும் என்பது எங்கள் வீட்டுக்காரருடைய சித்தாந்தம். அதை அவர் இரண்டாவது செருப்பை மாட்டும்போது சொல்வார்.

"ஓசூருக்கு வந்துடுங்க மாமா" என்று என் மைத்துனர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, சொந்தமாக ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டு, எந்தப் பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் ஓசூரில் கொண்டுபோய் முடிக்கிற சாமர்த்தியம் அவருக்கு உண்டு. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் தம்முடைய யோசனையைக் கேட்டுத்தான் அங்கே வந்தன என்று நினைக்கத் தோன்றும் தோரணையில் பேசுவார். 2019-இல் அது மாநகராட்சியானதிலிருந்து அவருடைய நடையிலேயே ஒரு மாற்றம். ஓசூர் பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 920 மீட்டர் உயரம் என்றால் ஓசூரும் ஏறத்தாழ 900. "அதே காத்து, அதே குளிர், பாதி வாடகை" என்பது அவர் வாதம். ராஜாஜியே எங்கள் ஊர்க்காரர்தானே என்றும் சேர்த்துக்கொள்வார். 1878-இல் ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, ஓசூரில் படித்தபின் பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குத்தான் வந்து சேர்ந்தார் என்ற சரித்திர உண்மையை நான் எடுத்துரைத்தபோது, "அப்ப பெங்களூர் மலிவு மாமா" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஆகவே இரண்டு ராஜ்யங்களின் ஜீவனச் செலவையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்துவிடுவது என்று நானும் என் மனைவியும் தீர்மானித்து, ஒரு நோட்டுப் புத்தகத்தின் நடுவில் கோடு கிழித்து, இடப்புறம் கர்நாடகம், வலப்புறம் தமிழ்நாடு என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தோம்.

நல்ல காரியம் என்பதால் பாலில் ஆரம்பித்தாள். தமிழ்நாட்டு உறவினர்களிடம் நந்தினிப் பாலின் மலிவைச் சொல்லி நாங்கள் பெருமை அடித்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 2021 மே மாதத்தில் ஆவின் பால் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்து நீலப் பாக்கெட் 40 ரூபாயில் நின்றது; இங்கேயோ நந்தினி படிப்படியாக ஏறி, 2025 ஏப்ரல் முதல் தேதியன்று மட்டும் ஒரே மூச்சில் 4 ரூபாய் ஏறியது. பால் தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. மைத்துனர் வீட்டில் காபி குடிக்கையில் இதைப் பாராட்டிச் சொன்னபோது, அவர் மனைவி அடுக்களையிலிருந்து, "நாங்க நந்தினிதான் வாங்கறோம் அண்ணா, காபிக்கு அதுதான் திக்கா இருக்கு" என்றாள். நோட்டுப் புத்தகத்தில் பால் அடிக்கப்பட்டது.

மின்சாரத்துக்கு வந்தோம். 2016 முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏழை, பணக்காரன் என்ற பேதமில்லை. கர்நாடகத்தில் 2023 முதல் மாதத்துக்கு 200 யூனிட் வரை இலவசம். பார்த்த மாத்திரத்தில் கர்நாடகம் கர்ணனாகத் தோன்றும். ஆனால் இங்கே நம்முடைய பழைய சராசரியைக் கணக்கிட்டு, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். 200-ஐத் தாண்டினாலோ முழுத் தொகையையும் கட்டவேண்டும். இதனால் ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டில் கீசருக்கு மௌன விரதம். ஓசூரில் விரதமே வேண்டாமே என்று நான் மகிழ்ந்தேன். மைத்துனர் தலையை ஆட்டினார்: அங்கே இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், ஆரம்பப் படிகளின் கட்டணமே உயர்ந்துவிடுகிறதாம். ஆக, கீசருக்கு இரண்டு மாநிலத்திலும் மோட்சமில்லை.

பெண்களுக்கு இரண்டு பக்கமும் பஸ் இலவசம். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில்; கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் மாநிலத்துக்குள் எங்கும், ஆனால் கர்நாடக விலாசமுள்ள அடையாள அட்டையைக் காட்டவேண்டும். இவ்விடத்தில் என் மனைவியின் ராஜதந்திரம் வெளிப்பட்டது. குடும்பம் ஓசூருக்குப் போகட்டும், தன் ஆதார் அட்டை மட்டும் பெங்களூரிலேயே இருக்கட்டும். எல்லைவரை தமிழ்நாட்டு டவுன் பஸ், அப்புறம் பத்தடி நடை, அத்திப்பள்ளியிலிருந்து கர்நாடகத்து பஸ். இப்படியே காசு கொடுக்காமல் மைசூர் வரைக்கும் போய் வரலாம் என்றாள். மைசூருக்கு எதற்கு என்று கேட்டேன். இலவசமாயிற்றே என்றாள்.

இதே உற்சாகத்தில் கர்நாடகத்து கிருஹலட்சுமி 2,000, தமிழ்நாட்டு மகளிர் உரிமைத் தொகை 1,000, ஆக மொத்தம் 3,000 என்று இரண்டு பக்கத்தையும் கூட்டியே எழுதிவிட்டாள். புருஷன் வருமான வரி கட்டுகிறவனாக இருப்பதால் இரண்டு சர்க்காருமே அவளை லட்சுமியாக அங்கீகரிக்கமாட்டார்கள் என்று நான் விளக்கினேன். அன்றிரவு முழுவதும் என் உத்தியோகத்தைப் பற்றி அவள் சற்றுக் குறைவாகவே பேசினாள். தொழில் வரியிலும் லாபமில்லை: எந்த மாநிலமானாலும் வருஷத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு என்று அரசியல் சாசனமே எழுதிவைத்திருக்கிறது, சம்பளம் பெங்களூரில் வாங்குகிறவரை அதையும் இங்கேதான் கட்டவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஊரும் காவிரியைத்தான் நம்பியிருக்கின்றன. பெங்களூருக்கு அவள் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாயில் பிரயாணம் செய்து, 500 மீட்டர் உயரம் மூச்சுவாங்க ஏறி வருகிறாள். ஓசூருக்கு ஒகேனக்கல்லிலிருந்து வருகிறாள். 2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி, 12,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று ஜில்லா நிர்வாகம் விலை நிர்ணயிக்கும்படி ஆனபோது, எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காரருக்குக் கிடைத்த மரியாதை எந்த மந்திரிக்கும் கிடைத்ததில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே ஓசூருக்குப் போகலாம் என்று எனக்குப் பட்டது.

வீடு பார்க்கும் படலம் ஆரம்பமாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் அழைத்துப்போன வீட்டின் சொந்தக்காரர், முண்டா பனியனோடு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், மேலிருந்தபடியே "பதினாலாயிரம்" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கத் தொடங்கினார். பாதிப் படியில், தெருவில் நின்றிருந்த எங்கள் காரும், கே.ஏ. என்று ஆரம்பிக்கும் அதன் நம்பர் பலகையும் அவர் கண்ணில் பட்டன. கடைசிப் படியில் கால் வைத்தபோது வாடகை பதினெட்டாயிரமாகியிருந்தது. "மேலேருந்து பதினாலுன்னீங்களே?" என்று மைத்துனர் கேட்டதற்கு, "அது காத்துல சரியாக் கேட்டிருக்காது சார்" என்று பதில் வந்தது. அட்வான்ஸ் பத்து மாதம். தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அளவாகச் சொல்கிறது என்று நான் பணிவோடு குறிப்பிட்டேன். அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்து, "அது சட்டம் சார், இது வீடு" என்றார்.

பதினெட்டாயிரத்துக்கு நியாயமும் அவரிடம் இருந்தது. 2024 ஜூனில் ஓசூருக்குச் சர்வதேச விமான நிலையம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடிப் பிரயாணிகள். பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வரக்கூடாதென்று ஒரு ஷரத்து இருப்பதெல்லாம் அவருக்குப் பொருட்டல்ல. 2025 ஆகஸ்டில் பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரைக்கும் வந்துவிட்டது; அங்கிருந்து ஓசூர் எத்தனை தூரம் என்று கையை நீட்டிக் காட்டினார். இல்லாத ரயிலுக்கும் இறங்காத விமானத்துக்கும் சேர்த்து வாடகை கொடுப்பது, உண்மையில் பெங்களூரில்கூட நான் செய்யாத காரியம்.

போக்குவரத்துக் கணக்கு இன்னும் மோசம். என் அலுவலகம் ஜெயநகர்ப் பக்கம். பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ, இரண்டு முனையிலும் ஆட்டோ என்றால் ஒரு தொகை. காரில் போவதென்றால் அத்திப்பள்ளியில் ஒரு சுங்கச்சாவடி, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்கு இன்னொரு கட்டணம், மேம்பாலம் இறங்கியதும் சில்க் போர்டு சந்திப்பில் சும்மா நிற்பதற்கான பெட்ரோல் என்று வேறொரு தொகை. எல்லையில் சற்று நின்று பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். வாடகைக்குப் பயந்த பெங்களூர்க்காரர்கள் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள். டீசல் கர்நாடகத்தில் மலிவென்று தமிழ்நாட்டு லாரிகளும், டீசலைவிட விரைவில் பற்றிக்கொள்ளும் மற்றொரு திரவத்தின் பொருட்டு ஓசூர் வாலிபர்களும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருப்பார்கள். சிக்கனமாக வாழ்வதற்கு உத்தமமான இடம் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே, சரியாக எல்லைக் கோட்டின்மேல்தான் இருக்கவேண்டும். அங்கே நெடுஞ்சாலை இருக்கிறது.

காரைப் பற்றி நினைத்தாலே எனக்குத் தலை சுற்றியது. வாகன வரியில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் கர்நாடகத்துக்கு ஆயுட்கால வரியைக் கட்டி வாங்கிய வண்டி. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்டவேண்டும். தமிழ்நாடும் 2023 நவம்பரில் தன் வரியை உயர்த்திவிட்டது. இங்கே கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம்தான். கேட்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. என் மனைவி வெகுநேரம் யோசித்து, நாம் ஓசூரில் இருப்போம், கார் மட்டும் அத்திப்பள்ளியில் யார் வீட்டிலாவது மாத வாடகைக்கு இருக்கட்டும் என்றாள். காருக்கும் அட்வான்ஸ் பத்து மாதமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த நிலையில் போன வாரம் மைத்துனர் திடீரென்று வந்தார். வழக்கமான உற்சாகம் இல்லை. காய்கறியிலிருந்து கல்யாண மண்டபம் வரை ஓசூரில் எல்லாம் விலையேறிவிட்டது, பெங்களூர்க்காரர்கள் வந்து வந்து ஊரையே கெடுத்துவிட்டார்கள் என்று முறையிட்டார். ஓய்வு பெற்றதும் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்விடுவதாகத் தீர்மானம். அங்கே அதே காற்று, அதே குளிர், பாதி விலை. ஓசூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிடப் போகிறாராம்.

என் மனைவி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, தம்பியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வாடகை எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று நான் கேட்டேன்.

"சொந்தக்காரங்கன்னா பன்னெண்டு மாமா. பெங்களூர்க்காரங்கன்னா இருபது" என்றவர், சற்று நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க ரெண்டுமா இருக்கீங்களே, அதுதான் யோசிக்கறேன்" என்றார்.