பூட்ஸும் பீப்பாயும்

கேள்வி: கையில் காசில்லாத பிரிட்டிஷ் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு உடையில் ஏன் அத்தனை கவனம்?

பதில்: வாரமெல்லாம் முதலாளி சொன்ன உடுப்பு, சனிக்கிழமை இரவாவது தன் இஷ்டம் வேண்டாமா! 1960களின் ‘மாட்’ எனப்பட்ட நாகரிக இளைஞர்கள், டென்னிஸ் வீரர் ஃபிரெட் பெர்ரி பெயரில் வந்த சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டினார்கள். பெர்ரியின் அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். மகன் 1934 முதல் 1936 வரை தொடர்ந்து மூன்று முறை விம்பிள்டன் வென்றார். அடுத்து வந்த ஸ்கின்ஹெட்கள் தலைமுடியில் மிச்சம்பிடித்து, டாக்டர் மார்ட்டன்ஸ் பூட்ஸில் பளபளப்பைக் கூட்டினார்கள். அவர்களுடைய இசை ஜமைக்காவிலிருந்து வந்தது. பிற்பாடு இனவெறியர்கள் அந்தக் கோலத்தைப் பறித்துக்கொண்டது கொடுமை.

அந்தச் சனிக்கிழமை இரவு போய்ச் சேரும் இடம் பப். அங்கே கேட்க வேண்டியது ரியல் ஏல். பீப்பாய்க்குள்ளேயே மறுபடி நொதிக்கும் உயிருள்ள பீர். பெரிய ஆலைகளின் வாயுவேற்றிய பீர் அதை விழுங்கப் பார்த்தபோது, குடிப்பவர்களே 1971-இல் காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கிக் காப்பாற்றினார்கள். ஐஸ் மட்டும் கேட்டுவிடாதீர்கள். நிலவறைக் குளிர்ச்சியில்தான் அதன் ருசி!